வயலே இல்லாத ஊரில் அறுப்பின் பண்டிகை, ஏலப் பொறுப்பு என் தலையில்

நாசரேத்_மருமகள்

எல்லாருக்கும் தோத்திரம். நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச்சில் இருக்கிறார்கள். 1947க்கு முன்னால் ஆங்கிலிக்கன் சபையாக இருந்தது, இப்போது சுமார் 180 குடும்பம். போன வாரம் பாஸ்டரேட் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழு) இந்த வருஷத்து அறுப்பின் பண்டிகை (விளைச்சலுக்கு நன்றியாக ஆளாளுக்குப் பொருள் கொண்டுவந்து படைக்கிற நாள், படைத்ததைப் பிறகு சபைக்காக ஏலம் விடுவார்கள்) ஏலத்தை யார் பார்த்துக்கொள்வது என்று ஆயர் கேட்டபோது ஆளாளுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம், என் மாமியார் எழுந்து "எங்க மருமக நாசரேத்துக்காரி, அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எனக்கு அத்துப்படி ஊர்ப் பண்டிகைதான். வாழைத்தாரும் முருங்கைக்காய்க் கட்டும் கருப்பட்டிச் சிப்பமும் ஆல்டர் முன்னால் குவிந்து கிடக்கும், யாராவது காலைக் கட்டி வைத்த சேவல் பிரசங்கம் முழுக்கக் கூவிக்கொண்டே இருக்கும், அசனம் என்றால் ஊரே பந்தியில் உட்கார்ந்துவிடும், மதம் ஜாதி எதுவும் கேட்கமாட்டார்கள். இங்கே போன வருஷம் நான் பார்த்தது கோயம்பேட்டில் மொத்தமாக வாங்கிய காய்கறி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத ஆப்பிள், இரண்டு மிக்சி, ஒரு சுவர்க் கடிகாரம். ஏலம் பன்னிரண்டுக்கு ஆரம்பித்து மூன்று மணி வரைக்கும் இழுத்தது. ஐந்தாறு குடும்பம் மட்டும் ஒருவர் மேல் ஒருவர் ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் பிரியாணி கூப்பன் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள்.

அதைவிட ஒன்று மனதில் நின்றுவிட்டது. ஒரு பாட்டி, தனியாக இருப்பவர், வீட்டில் சுட்ட முறுக்கை நாலு பாக்கெட் கட்டிக் கொண்டுவந்து படைத்திருந்தார். அது கடைசியில்தான் மேஜைக்கு வந்தது. அப்போது கேட்க ஆளே இல்லை. ஏலம் விட்டவர் "சரி, இது அப்புறம் பார்க்கலாம்" என்று ஓரமாக வைத்துவிட்டார். பாட்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு அதைப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு பண்டிகை. வயலே இல்லாத இந்த ஊரில் மக்கள் நிஜமாக எதைக் கொண்டுவருவார்கள், ஏலத்தை எப்படி ஒழுங்காக நடத்துவது, அந்த முறுக்கு மாதிரி இன்னொரு தரம் நடக்காமல் பார்க்க என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

ராயபுரம்_பழைய_ஆள்

வாம்மா. ஹார்பரில் 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், எங்கள் சபையில் பதினாறு வருஷம் ஏலம் விட்டிருக்கிறேன், இப்போது தொண்டை போய்விட்டது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஒரு நாள் விடியற்காலையில் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு காசிமேடு போய் நின்று பார். அங்கே ஏலம் விடுகிறவன் யோசிக்க நேரமே தரமாட்டான். எதிரே நிற்கிற ஒவ்வொருத்தர் முகமும் அவனுக்குத் தெரியும், யார் தலையை ஆட்டுவார்கள், யார் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று. நம் சர்ச்சில் மைக்கைப் பிடித்தவர் ஒரு பூசணிக்காய்க்குப் பத்து நிமிஷம் ஜோக் அடித்துக்கொண்டிருப்பார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம், அவ்வளவுதான், ஒரு பொருளுக்கு ஒரு நிமிஷம் போதும்.

நீ சொன்ன முறுக்கு விஷயம் வரிசைத் தப்பு. பெரிய பொருளை முதலில் விட்டால் கையில் காசு உள்ளவர்கள் அதோடு ஓய்ந்துவிடுவார்கள், சின்னப் பொருளுக்கு வரும்போது கூட்டம் கலைந்திருக்கும். ஐந்து சின்னப் பொருள், ஒரு பெரிய பொருள், திரும்ப ஐந்து சின்னது என்று கலந்து விடு. வீட்டில் செய்த பலகாரம், கையால் பின்னிய கூடை, மாடியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடி, இதெல்லாம் முதல் அரைமணிக்குள் போய்விட வேண்டும். ஆரம்ப விலையைப் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று வை, சண்டேஸ்கூல் பிள்ளைகள் கையைத் தூக்கட்டும். கேட்க ஆள் இல்லாமல் ஒரு பொருளும் மேஜையில் நிற்கக்கூடாது. அதற்கு இரண்டு பேரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள், அவர்கள் வேலை அதுதான், நான் வருஷா வருஷம் என் மச்சானை உட்காரவைப்பேன். அவன் வீட்டில் ஒரு தடவை பதினோரு சீப்பு வாழைப்பழம் சேர்ந்து, என் தங்கச்சி என்னோடு ஒரு மாசம் பேசவில்லை.

இன்னொன்று. பேரும் தொகையும் எழுதுகிறவர் நல்ல கையெழுத்துக்காரராக இருக்கட்டும். உற்சாகத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாயிரத்துக்குக் கேட்டுவிட்டு, அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிட்டு, கைத்தட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பணம் மட்டும் கிறிஸ்துமஸ் தாண்டியும் வராது. அன்றைக்கே ரசீது போட்டுவிடு.

நாளைப் பற்றியும் சொல்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் சபையில் பாதிப் பேர் பெரம்பூர் பின்னி மில்காரர்கள், மில் சம்பளம் வந்த அடுத்த ஞாயிறுதான் பண்டிகை. வயல் இல்லாவிட்டால் என்ன, சம்பளம்தான் அறுப்பு. முதல் மாசச் சம்பளத்தை அப்படியே கவரில் போட்டு முதற்பலன் என்று படைத்த பையன்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மில் 1996இல் மூடியாகிவிட்டது, எங்கள் சபையில் பண்டிகை மட்டும் இன்னும் மாசத்தின் முதல் ஞாயிறுதான், ஏன் என்று இப்போது இருக்கிறவர்களைக் கேட்டால் முழிப்பார்கள். நீ சொல்கிற கடைசி ஞாயிறு சரிப்படாது. மாசக் கடைசியில் யார் பையில் காசு இருக்கும்? கமிட்டியில் பேசி ஒரு வாரம் தள்ளமுடியுமா பார்.

பேஸ்_பாடுறவன்

பெரம்பூரிலிருந்து. கொயரில் இருபது வருஷம். சிஸ்டர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏலத்தையே நிறுத்திவிடுங்கள்.

இந்தப் பண்டிகை இப்போதுள்ள உருவத்தில் அப்படி ஒன்றும் பழையது இல்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1843இல் ஆரம்பித்து வைத்தது. அவர் செய்தது ரொம்ப சாதாரணம், புது விளைச்சலில் அப்பம் செய்து திருவிருந்துக்கு வைத்து நன்றி சொன்னார்கள், மக்களுக்குப் பிடித்துப்போய்ப் பரவியது. அந்த ஊரில் கோதுமை அறுப்பது ஆகஸ்ட், செப்டம்பரில், அதனால் அவர்களுக்கு அந்த நேரம் பொருத்தம். நமக்குச் சம்பா அறுவடை தையில். அக்டோபரில் நாம் எதை அறுக்கிறோம்? குருவை என்று யாராவது சமாளிப்பீர்கள், சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடசென்னையில் அக்டோபர் கடைசி என்றால் மழைதான் அறுவடை. பந்தல் போட்ட காசு தண்ணீரோடு போகும்.

ஏலத்தில் என்ன நடக்கிறது? யாரிடம் பணம் இருக்கிறது என்று மைக்கில் சொல்கிறோம், வேறென்ன. இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தரம் பிரசங்கம் கேட்கிறோம், கேட்டுவிட்டு வெளியே வந்து பத்தாயிரம் கொடுத்தவர் பேரைப் பலகையில் எழுதுகிறோம். என் அப்பா லாரி ஷெட்டில் கூலி வேலை. பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் எங்களை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குக் கிளம்பிவிடுவார், ஏலத்தில் நின்றால் ஏதாவது கேட்கவேண்டியிருக்கும் என்ற பயம். பிரியாணி வாசனை தெருமுனை வரைக்கும் வரும். பின்வாசலில் போகிற குடும்பம் உங்கள் சபையிலும் இருக்கும் சிஸ்டர், எண்ணிப் பாருங்கள்.

உபாகமம் 24இல் என்ன இருக்கிறது? வயலில் ஒரு அரிக்கட்டை மறந்து வந்தால் திரும்பிப் போய் எடுக்காதே, அதைப் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் விட்டுவிடு என்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று குடும்பத்துக்கு ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்கள், படையுங்கள், அப்படியே தேவைப்பட்ட வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். முடிந்தது.

கொடுங்கையூர்_அக்கா

பேஸ் தம்பி, உங்கள் அப்பா விஷயம் படித்து மனசு கனத்துவிட்டது, அதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் ஏலத்தையே நிறுத்து என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பெண்கள் ஐக்கியம் வருஷம் முழுக்க எந்தப் பணத்தில் ஓடுகிறது என்று யாராவது கேட்டீர்களா? ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமை தோறும் ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குக் கஞ்சி, பெரிய வெள்ளி அன்று மூன்று மணி நேரம் ஏழு வார்த்தை தியானம் முடித்து வெறும் வயிற்றோடு வெளியே வருகிறவர்களுக்கு மோர், ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு நாலு மணிக்கு வந்தவர்களுக்கு டீ, மே மாசம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடக்கிற பத்து நாளும் பிள்ளைகளுக்குச் சுண்டல். காணிக்கைத் தட்டில் விழுகிறது கரண்ட் பில்லுக்கே சரியாகப் போகும். எங்கள் சபையில் இரண்டு பெரிய அண்டா இருக்கிறது, 2019 ஏலப் பணத்தில் வாங்கியது, அப்போதும் "எதற்கு இவ்வளவு பெரிசு" என்று ஒருத்தர் கேட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது சர்ச் ஹாலில் அந்த அண்டாவில்தான் நாலு நாள் சாம்பார் சாதம் ஆக்கினோம், வாங்கிப் போனவர்களில் முக்கால்வாசி நம் சபை கிடையாது.

நாசரேத் தங்கச்சி, உனக்கு வருகிறேன். வயல் இல்லை என்று யார் சொன்னது? மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் நெல் வயல்தான், செங்குன்றம் மண்டியில் அரிசி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. உங்கள் சபையில் அந்தப் பக்கம் சொந்தக்காரர் இல்லாத குடும்பமே இருக்காது, நாலு நெற்கதிர்க் கட்டு கேட்டு வாங்கி ஆல்டர் ரெண்டு பக்கமும் கட்டு. தூணுக்குக் கரும்பு. காய்கறியைக் கோயம்பேட்டில் வாங்குவதில் தப்பு ஒன்றும் இல்லை, எங்கள் அம்மா காலத்தில் கொத்தவால் சாவடியில் வாங்குவார்கள், அது இடம் மாறியது, அவ்வளவுதான்.

மக்களிடம் "காய்கறி கொண்டுவாருங்கள்" என்று பொதுவாக அறிவிக்காதே. ஒவ்வொருத்தரும் என்ன வேலை செய்கிறார்களோ அதைக் கொண்டுவரச் சொல். எங்கள் சபையில் தையல்காரர் ஆறு தலையணை உறை தைத்துக் கொடுத்தார், ஆட்டோ ஓட்டுகிற தம்பி "ஒரு நாள் சவாரி" என்று சீட்டு எழுதிப் படைத்தார், அதைத் தனியாக இருக்கிற ஒரு டீச்சரம்மா ஏலத்தில் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். பிடி அரிசியும் திரும்ப ஆரம்பித்திருக்கிறோம். சோறு ஆக்கும்போது ஒரு பிடி தனியாகப் போட்டு வைப்பது, பண்டிகை அன்று கொண்டுவந்து ஒரே பாத்திரத்தில் கொட்டுவது. யார் எவ்வளவு கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது, பேஸ் தம்பிக்கும் பிடிக்கும். போன வருஷம் 43 கிலோ வந்தது. புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து வந்ததால் சோறாக்க முடியாமல் மாவாக அரைத்து இட்லி ஊற்றினோம் என்பது வேறு கதை.

சாப்பாட்டுக் கணக்கு: பிரியாணி என்றால் ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி, பத்துப் பேர். உன் சபைக்கு 350 பேர் என்று வைத்துக்கொள், 35 கிலோ. முக்கியமான விஷயம், கூப்பனை விற்காதே. சாப்பாட்டை எல்லாருக்கும் பொதுவில் போடு, அசனம் மாதிரி. கூப்பன் வைத்தால்தான் பின்வாசல் வழியாகப் போவார்கள்.

வியாசை_பையன்

அக்கா, வியாசர்பாடி வாலிபர் ஐக்கியத்திலிருந்து. பெரியவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாக. ரசீது எழுத வாலிபர்களை உட்காரவையுங்கள், மேஜையில் க்யூஆர் அட்டை ஒட்டிவிடுங்கள், எலுமிச்சம்பழம் கேட்ட அங்கிள் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னால் போனை நீட்டிவிடலாம். எங்கள் சபையில் இரண்டு வருஷமாக ஒரு பைசா பாக்கி இல்லை, ஒரு அங்கிள் மட்டும் எங்களைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஆனால் ஒன்று, வாலிபர்களிடம் வேலை வாங்கிவிட்டுப் பணத்தை முழுக்க வேறு பக்கம் கொண்டுபோகாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்து முதல் ஞாயிறு ஆல்டரில் பச்சை விரிப்பு போய் ஊதா வந்ததும் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கீத பவனிக்கு ஒரு ராத்திரிக்கு 35 வீடு, வேன் வாடகை, டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா டிரெஸ் வாடகை. பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் போகிற வீட்டில் கிடாரோடு மெதுவாகப் பாடுகிறோம். உண்மையில் அதுதான் நன்றாக இருக்கிறது, தெருநாய் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. கடைசி வீட்டில் யாராவது பால் இல்லாத டீ கொடுப்பார்கள், அதைக் குடித்துவிட்டு வேனில் தூங்கிக்கொண்டே வருவோம். இதற்கெல்லாம் ஏலப் பணத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்று உங்கள் கமிட்டியில் சொல்லுங்கள்.

ராயபுரம்_பழைய_ஆள்

பேஸ் தம்பிக்கு. கோபம் இல்லை. ஏலம் விட்ட பதினாறு வருஷத்தில் பின்வாசலை நான் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை, மேஜை மேல்தான் கண். தொகையை எழுதுகிற பலகையை எடுத்துவிடலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஏலம் வேண்டும். வருஷத்தில் ஒரு நாள்தான் ஆயரும் கூலிக்காரனும் ஒரே பூசணிக்காய்க்குப் போட்டி போடுவார்கள், சிரிப்பார்கள்.

பேஸ்_பாடுறவன்

பலகையை எடுத்து, கூப்பனையும் எடுத்தால் பாதி வழி வருகிறேன். மீதிப் பாதி மழைதான், அதற்கு நீங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

நாசரேத்_மருமகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பண்டிகை முடிந்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கமிட்டி ஒரு வாரம் தள்ள ஒத்துக்கொண்டது, நவம்பர் முதல் ஞாயிறு வைத்தோம், பேஸ் அண்ணா சொன்ன மாதிரியே மழை. பந்தல் ஒரு பக்கம் தொப்பையாகத் தண்ணீர் பிடித்துத் தொங்கியது, வாலிபர்கள் கழியால் முட்டி முட்டி ஊற்றினார்கள், அதில் பாதி எங்கள் செக்ரட்டரி அங்கிள் மேலேயே விழுந்தது. கடைசியில் எல்லாரையும் சர்ச்சுக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டோம். சர்ச்சுக்குள் ஏலமா என்று இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், ஆயர் "போர்ட்டிகோவில் நின்று விடலாம், ஜனங்கள் உள்ளே இருக்கட்டும்" என்று தீர்த்துவைத்தார்.

பலகை வைக்கவில்லை. கூப்பன் இல்லாமல் சாப்பாடு போட்டோம். அதற்குக் கமிட்டியில் எவ்வளவு பேச்சு வாங்கினேன் என்பதை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. 35 கிலோ கணக்கு சரியாக இருந்தது, ஆனால் தயிர்ப் பச்சடி இருநூறு பேரோடு தீர்ந்துவிட்டது. ஏலத்தில் வந்த தொகை போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைவு, உண்மையைச் சொல்லவேண்டும், பொருளாளர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ரசீது பாக்கி மூன்று பேர், வியாசைத் தம்பி, உன் ஆட்களை அனுப்பு.

முறுக்குப் பாட்டியை நான் இரண்டு வாரம் முன்னாலேயே போய்ப் பார்த்தேன். "நான் இனிமே எதுவும் கொண்டுவரலம்மா, கவர்ல போட்டுடறேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை, எனக்கு முறுக்குச் சுடத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். உண்மையிலேயே தெரியாது, எங்கள் வீட்டில் அம்மாதான் சுடுவார். சனிக்கிழமை என் மாமியார் வீட்டு அடுப்பில் இரண்டு பேருமாகச் சுட்டு ஒன்பது பாக்கெட் கட்டினோம், பாட்டி முழு நேரமும் என் மாமியார் வாங்கிவைத்த எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது பொருளாக மேஜைக்கு வந்தது. யாரையும் பேசிவைக்கவில்லை. ஒரு பாக்கெட் 180 வரைக்கும் போனது, கேட்டது சண்டேஸ்கூல் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து, காசை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டு அங்கேயே தின்றும் முடித்தார்கள்.

இப்போது ஒரு பிரச்சினை. எட்டு பூசணிக்காய் விற்காமல் செக்ரட்டரி ரூமில் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

கொடுங்கையூர்_அக்கா

வெட்டாமல் வை, வெட்டினால் இரண்டு நாள்தான், முழுசாக இருந்தால் மாசக்கணக்கில் தாங்கும். ஈரத் தரையில் வைக்காதே, அடியில் பலகை போடு. டிசம்பரில் கீத பவனி முடிந்து பையன்கள் ராத்திரி வருவார்கள் இல்லையா, புளிக்குழம்பு வை.

வியாசை_பையன்

அக்கா, பிரியாணி என்று நம்பித்தான் பாட வருகிறோம்.